உட்கணத் தொகைப் பிரச்சினை: அட்டவணை முறையின் பலமும் எல்லையும்

சில எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கூட்டினால், முன்னரே குறித்துவைத்த ஒரு தொகை கிடைக்குமா, கிடைக்காதா? கேட்கும்போது ஆரம்பப் பாடசாலைக் கணக்கைப்போல் ஒலிக்கும் இவ்வினா, கணித சாஸ்திரத்தின் பல கிளைகளில் வெவ்வேறு வேஷங்களில் தோன்றி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணினி இயலின் நடுக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. அதற்கு இதுவரை அளிக்கப்பட்ட விடைகளை வகுத்துப் பார்ப்பதும், ஒவ்வொரு விடையும் எந்த நிபந்தனையின்மேல் நிற்கிறது என்பதை விசாரிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

உதாரணமாக 7, 11, 18, 26, 33, 41 என்ற ஆறு எண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து 70 என்னும் தொகை வருமா என்று கேட்டால், 11, 18, 41 என்ற மூன்றைச் சுட்டிக்காட்டி வருமென்று நிரூபித்துவிடலாம். 11, 26, 33 என்பதும் அதே தொகையைத் தரும். ஆனால் 71 வருமா என்று கேட்டால், வராது என்பதே விடையாயினும், அதைப் பிறருக்குச் சந்தேகமற நிலைநாட்டுவதற்கு மூன்று எண்களைக் காட்டினால் போதாது. உள்ள 64 உட்கணங்களையும் சோதித்துக் காட்டவேண்டும், அல்லது அவ்வளவையும் சோதிக்காமலே தீர்மானிக்கத்தக்க யுக்தி ஒன்றைச் சொல்லவேண்டும். எண்களின் எண்ணிக்கை நூறாகும்போது உட்கணங்களின் எண்ணிக்கை 31 இலக்கங்கள் கொண்ட எண்ணாகிவிடுவதால், முதல் வழி அடைபட்டுப்போகிறது. இரண்டாம் வழியைத் தேடிய சரித்திரமே இப்பிரச்சினையின் சரித்திரம்.

பூர்வீகம்

ஒரு தொகையைப் பகுதிகளாகப் பிரிக்கும் வழிகளை எண்ணும் முயற்சி கணினிக்கு மிகவும் முந்தியது. பிராகிருதச் சந்தங்களை ஆராய்ந்த விரஹாங்கரும், 1150-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஹேமசந்திரரும், ஒரு மாத்திரை கொண்ட லகுவையும் இரண்டு மாத்திரை கொண்ட குருவையும் கலந்து குறித்த மாத்திரை அளவுள்ள அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று கேட்டார்கள். அவர்கள் கண்ட விடையின் சாரம் இது: அடியின் இறுதியில் நிற்பது லகுவாயின் ஒரு மாத்திரை குறைந்த அடியின் வகைகளும், குருவாயின் இரண்டு மாத்திரை குறைந்த அடியின் வகைகளும் அதற்குமுன் நிற்கத்தக்கவை; ஆகையால் அவ்விரு எண்ணிக்கைகளையும் கூட்டினால் வேண்டியது கிடைத்துவிடும். நான்கு மாத்திரைக்கு ஐந்து வகை, ஐந்து மாத்திரைக்கு எட்டு வகை என்று இவ்வரிசை வளர்கிறது. 1356-இல் ‘கணித கௌமுதி’யை இயற்றிய நாராயண பண்டிதர், முந்திய இரண்டு உறுப்புகளுக்குப் பதிலாக முந்திய பல உறுப்புகளைக் கூட்டியமைக்கும் வரிசைகளையும் ஆராய்ந்து, இந்தச் சூத்திரத்தைப் பொதுவாக்கினார். பெரிய தொகையின் விடையைச் சிறிய தொகைகளின் விடைகளிலிருந்து கட்டியெழுப்புதல், ஒருமுறை கண்டதை மீண்டும் கணக்கிடாமல் எடுத்தாளுதல் ஆகிய இரண்டு அம்சங்களும் இங்கே தெளிவாகவே இருக்கின்றன.

ஐரோப்பாவில் இதே வினாவைக் கிளப்பியவர் பிலிப் நோதே. ஐம்பது என்னும் எண்ணை ஒன்றுக்கொன்று வேறான ஏழு முழு எண்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதங்களில் எழுதலாம் என்று அவர் 1740-இல் ஆய்லரிடம் கேட்டார். ஆய்லர் சொன்ன விடை 522. ஆனால் அவ்விடையினும் பெரியது அவர் அதை அடைந்த மார்க்கம். ஒவ்வொரு எண்ணுக்கும் ‘ஒன்று கூட்டல் அந்த எண்ணை அடுக்காகக் கொண்ட மாறி’ என்ற ஈருறுப்புக் கோவையை எழுதி, எல்லாக் கோவைகளையும் பெருக்கினால், பெருக்கலில் ஓர் உறுப்பின் அடுக்கு தொகையையும் அதன் கெழு அத்தொகையை அடையும் வழிகளின் எண்ணிக்கையையும் காட்டும் என்பதை அவர் 1748-இல் வெளியான தம் பகுப்பாய்வு நூலில் விரித்துரைத்தார். இரண்டே முக்கால் நூற்றாண்டு கழித்து இம்மார்க்கம் எதிர்பாராத விதத்தில் திரும்பி வருவதைப் பின்னர்க் காண்போம்.

பெல்மனின் அட்டவணை

இத்தகைய கணக்குகளுக்கெல்லாம் பொதுவான ஒரு தத்துவத்தை வகுத்தவர் ரிச்சர்ட் பெல்மன். அமெரிக்காவில் சாண்டா மோனிகாவிலிருந்த ராண்ட் நிறுவனத்தில் பணியாற்றியபோது, படிப்படியாக எடுக்கவேண்டிய தீர்மானங்களைப் பற்றி 1950-களில் அவர் எழுதிய கட்டுரைகளும், 1957-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட நூலும், டைனமிக் புரோகிராமிங் என்ற துறைக்கு அஸ்திவாரம் இட்டன. இதுவரை எடுத்த தீர்மானங்கள் எவையாயினும், அவற்றால் விளைந்த நிலையிலிருந்து இனி எடுக்கும் தீர்மானங்கள் அந்நிலைக்குச் சிறந்தவையாக இருக்கவேண்டும் என்பது அவருடைய மூலக் கொள்கை. கடந்தகாலம் முழுவதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை, அதன் சுருக்கமான நிலை ஒன்றிருந்தால் போதும் என்பதே இதன் உட்கருத்து. எதை நினைவில் வைப்பது, எதை மறப்பது என்ற தேர்வில்தான் இம்முறையின் ஆற்றல் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையாசிரியனின் அபிப்பிராயம். பின்வரும் எல்லாக் கட்சிகளையும் அந்தத் தேர்வைக்கொண்டே பிரித்தறியலாம்.

நமது பிரச்சினையில் நினைவில் வைக்கப்படுவது, இதுவரை பார்த்த எண்களைக்கொண்டு எந்தெந்தத் தொகைகளை அடைய முடியும் என்பது மட்டுமே. பூஜ்யத்திலிருந்து இலக்குத் தொகைவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் வரைந்து, தொடக்கத்தில் பூஜ்யத்தின் கட்டத்தில் மட்டும் குறியிட்டு, பிறகு எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, குறியுள்ள ஒவ்வொரு தொகையோடும் அந்த எண்ணைக் கூட்டிவரும் கட்டத்திலும் குறியிட்டுக்கொண்டே போனால், கடைசி எண் முடிந்ததும் இலக்கின் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்து விடை சொல்லிவிடலாம். எந்த எண்களைக் கொண்டு அத்தொகை வந்தது என்பது மறக்கப்படுகிறது. பல கோடி உட்கணங்கள் ஒரே தொகையைத் தந்தாலும் அவையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் ஒடுங்கிவிடுகின்றன. நூறு எண்களும் ஒரு லட்சம் என்ற இலக்கும் இருந்தால் ஒரு கோடிப் படிகளில் வேலை முடிந்துவிடும்; இன்றைய கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது. கட்டங்களின் வரிசை முழுவதையும் ஒரே நீண்ட இரும எண்ணாகப் பாவித்து, அதை எடுத்துக்கொண்ட எண்ணின் அளவுக்கு நகர்த்தி, பழைய வரிசையோடு சேர்த்துவிட்டால், 64 பிட் கணினியில் 64 கட்டங்கள் ஒரே அடியில் நிரம்பும் என்பதைப் போட்டிகளில் நிரல் எழுதும் மாணவர்கள் நன்கறிவார்கள்.

இம்முறையைக் கையாளுவோர் பெரும்பாலும் இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. ஒரே வரிசைக் கட்டங்களை மேன்மேலும் திருத்திக்கொண்டு போகும்போது, பெரிய தொகையிலிருந்து சிறிய தொகையை நோக்கி இறங்கினால் ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை பயன்படும். சிறியதிலிருந்து பெரியதை நோக்கி ஏறினாலோ, சற்றுமுன் அதே எண்ணால் இட்ட குறியின்மேல் மீண்டும் அதே எண் கூட்டப்பட்டு, அவ்வெண்ணை எத்தனை முறை வேண்டுமாயினும் பயன்படுத்தலாம் என்ற வேறொரு பிரச்சினைக்கு விடை வந்துவிடும். வழிகளை எண்ணும் கணக்குகளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வெளிச்சுற்றில் எண்களையும் உட்சுற்றில் தொகைகளையும் வைத்தால் வரிசைமாற்றங்கள் ஒன்றாகவே எண்ணப்படும். மாற்றி வைத்தால் தனித்தனியாக எண்ணப்படும். ஒன்றையும் இரண்டையும் கொண்டு நான்கை அமைக்கும் வழிகள் முதல் விதத்தில் மூன்று, இரண்டாம் விதத்தில் ஐந்து. ஹேமசந்திரர் எண்ணியது இரண்டாவதை. ஏனெனில் லகுவும் குருவும் நிற்கும் இடம் மாறினால் சந்தமே மாறிவிடும்.

தொடர்ச்சியான உறுப்புகளின் தொகை

அட்டவணை முறை எந்தக் குறையுமின்றி வெற்றிபெற்ற ஓர் உறவுப் பிரச்சினையையும் இங்கே குறிப்பிடவேண்டும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் உல்ஃப் கிரெனாண்டர் 1977-இல், டிஜிட்டல் உருவங்களில் வடிவங்களை அடையாளங்காணும் ஆராய்ச்சியினூடே, நேர் எண்களும் எதிர் எண்களும் கலந்த வரிசையில் தொடர்ச்சியாக அமைந்த எந்தப் பகுதியின் கூட்டுத்தொகை மிகப்பெரியது என்ற வினாவை எழுப்பினார். முதலில் கிடைத்த வழிகள் மெதுவானவை. மைக்கேல் ஷாமோஸ் பிளந்து தீர்க்கும் முறையால் அதை வேகப்படுத்தினார். அதனைக் கேள்வியுற்ற புள்ளியியல் அறிஞர் ஜோசஃப் கடேன், வரிசையை ஒரே முறை கடந்து செல்வதாலேயே விடை காணும் வழியைச் சொல்லிவிட்டார். இவ்வரலாற்றை ஜான் பென்ட்லி 1984-இல் எழுதிப் பிரபலமாக்கினார்.

கடேனின் வழியில், இதுவரை கண்ட மிகப்பெரிய தொகையைத் தவிர, நினைவில் வைக்கவேண்டியது ஒரே ஓர் எண்: இப்போது நிற்கும் இடத்தில் முடியும் பகுதிகளுள் மிகப்பெரிய தொகை. அடுத்த உறுப்பைப் பழைய பகுதியோடு சேர்ப்பதா, அல்லது புதிதாகத் தொடங்குவதா என்பதை அந்த ஓர் எண்ணே தீர்மானித்துவிடுகிறது. தொடர்ச்சி என்ற கட்டுப்பாட்டை நீக்கி எந்த உறுப்பையும் எடுக்கலாம் விடலாம் என்றும், கிடைக்கும் தொகை குறித்த இலக்குக்குச் சமமாக வேண்டும் என்றும் நிபந்தனையை மாற்றினால், நினைவு ஓர் எண்ணிலிருந்து இலக்கின் அளவுக்கு வீங்கிவிடுகிறது. தொடர்ச்சியான பகுதியின் தொகை குறித்த இலக்குக்குச் சமமாகுமா என்ற இடைப்பட்ட வினாவுக்கோ, தொடக்கத்திலிருந்து கூட்டிவந்த தொகைகளை ஹாஷ் அட்டவணையில் பதிந்துகொண்டே போனால் போதும். அதையும் டைனமிக் புரோகிராமிங் என்றே சிலர் வகைப்படுத்துகிறார்கள். அது சற்றுத் தாராளமான வகைப்பாடு.

கடினமென்ற கட்சி

1971-இல் ஸ்டீஃபன் குக் வெளியிட்ட முடிவைத் தொடர்ந்து, 1972-இல் ரிச்சர்ட் கார்ப் இருபத்தொரு பிரச்சினைகளின் பட்டியலை முன்வைத்து, அவற்றுள் ஒன்றை விரைவாகத் தீர்க்க முடிந்தால் மற்றனைத்தையும், அவற்றோடு, காட்டிய விடையை விரைவாகச் சரிபார்க்கத்தக்க பிரச்சினைகளின் என்.பி. என்னும் வகுப்பு முழுவதையும் விரைவாகத் தீர்த்துவிடலாம் என்று நிறுவினார். நாப்சாக் என்ற பெயரில் அப்பட்டியலில் இடம்பெற்றது நமது உட்கணத் தொகைப் பிரச்சினையே. பெல்மனின் அட்டவணை கண்ணெதிரே இருக்க, இப்பிரச்சினை கடினமானது என்று எப்படிச் சொல்லலாம் என்ற ஆட்சேபம் இயல்பாகவே எழும்.

அந்த ஆட்சேபத்துக்குச் சமாதானம், ஓர் எண்ணின் மதிப்புக்கும் அதை எழுதும் இலக்கங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள வேற்றுமையில் கிடைக்கிறது. முப்பது இலக்க எண் ஒன்றை எழுதுவதற்கு அரை வரி போதும். அந்த எண்ணை இலக்காக வைத்து அட்டவணை வரைவதற்கு உலகிலுள்ள நினைவகம் முழுவதும் போதாது. நூறு எண்களும் முப்பத்தோர் இலக்க இலக்கும் கொடுக்கப்பட்டால், அட்டவணையின் கட்டங்கள் உட்கணங்களின் எண்ணிக்கையையே விஞ்சக்கூடுமாதலால், அப்போது இம்முறை எல்லாவற்றையும் சலித்துப் பார்ப்பதினும் மேலானதாகாது. மைக்கேல் கேரியும் டேவிட் ஜான்சனும் 1970-களின் பிற்பகுதியில் இத்தகைய அல்காரிதங்களைத் தனி இனமாகப் பிரித்து, எண்களின் மதிப்பு சிறிதாயிருக்கும்வரை விரைவாகவும், பெரிதாகும்போது மந்தமாகவும் நடப்பவை என்று வரையறுத்தார்கள். எண்கள் சிறியவையாயினும் கடினம் நீங்காத பிரச்சினைகளும் உண்டு. நமது பிரச்சினை அவ்வகையைச் சேர்ந்ததன்று. ஆகவே கார்ப்பின் கட்சியும் பெல்மனின் கட்சியும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே உண்மையின் இரு எல்லைகளைப் பேசுகின்றன. கடினக் கட்சியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: அது மிகமோசமான உதாரணங்களைப் பற்றியே பேசுகிறது, நடைமுறையில் எதிர்ப்படும் உதாரணங்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாகப் பிளப்போர்

எண்கள் பெரியவை, ஆனால் எண்ணிக்கை குறைவு என்ற சந்தர்ப்பத்துக்கு எல்லிஸ் ஹோரோவிட்ஸும் சர்தாஜ் சஹ்னியும் 1974-இல் வேறொரு வழி வகுத்தனர். வரிசையை இரு பாதிகளாக்கி, ஒவ்வொரு பாதியிலும் வரக்கூடிய தொகைகள் அனைத்தையும் எழுதி ஏறுவரிசைப்படுத்திக்கொண்டு, ஒரு பட்டியலை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் ஒருசேரப் படித்துச் சென்றால், இலக்கைத் தரும் ஜோடி இருந்தால் அகப்பட்டுவிடும். ஐம்பது எண்களுக்கு ஆயிரம் லட்சம் கோடிக்கும் மேற்பட்ட உட்கணங்கள் உண்டு. இவ்வழியிலோ ஒவ்வொரு பட்டியலிலும் 3,35,54,432 தொகைகளே இருக்கும். இலக்கு எத்தனை இலக்கம் கொண்டதாயினும் இங்கே கவலையில்லை. ஆனால் பட்டியல்களைச் சேமிக்க இடம் வேண்டும். எண்கள் எண்பதாகிவிட்டால் அவ்விடம் கிடைப்பது அரிது. ரிச்சர்ட் ஷ்ரோப்பலும் அடி ஷமீரும் 1981-இல், வரிசையை நான்காகப் பிரித்து, தொகைகளை வேண்டும்போது மட்டும் வரிசைப்படி வெளிக்கொணரும் யுக்தியால், காலத்தைக் கூட்டாமலே இடத்தை அதன் வர்க்கமூல அளவுக்குக் குறைத்தார்கள்.

சரியான தொகைக்குப் பதில் அதற்கு மிக அண்மையான தொகையே போதும் என்று திருப்தியடைவோருக்கு, ஆஸ்கார் இபாராவும் சுல் கிம்மும் 1975-இல் காட்டிய தோராய முறை வேண்டிய அளவு நெருக்கத்தை நியாயமான காலத்தில் தருகிறது. நடைமுறைக்கு இது பெரும்பாலும் போதுமானதே; ஆனால் ஆம் அல்லது இல்லை என்று திட்டமாகக் கேட்பவருக்கு இது விடையாகாது.

கடினத்தை நம்பிக் கட்டிய பூட்டு

ஒரு பிரச்சினை கடினமானது என்ற நம்பிக்கையே உபயோகமுள்ள பொருளாகலாம் என்று கருதிய ரால்ஃப் மெர்க்கிளும் மார்ட்டின் ஹெல்மனும், 1978-இல் உட்கணத் தொகையை ஆதாரமாகக்கொண்டு ஒரு சங்கேத முறையை அமைத்தனர். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தியவற்றின் மொத்தத்தைவிடப் பெரியதாயுள்ள வரிசையில் இப்பிரச்சினை மிக எளிது. பெரிய எண்ணிலிருந்து தொடங்கிக் கழித்துக்கொண்டே வந்தால் முடிந்தது. அத்தகைய எளிய வரிசையை இரகசியமான ஒரு பெருக்கலாலும் வகுத்து மீதி காண்பதாலும் உருமாற்றி, கடினமானதுபோல் தோன்றச்செய்து உலகுக்கு வெளியிடுவதே அவர்கள் யுக்தி. 1982-இல் ஷமீர் அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டார். பின்னர் ஜெஃப்ரி லகாரியாஸும் ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோவும், எண்ணிக்கையைப் பார்க்க இலக்கங்கள் மிக நீண்டிருக்கும் வரிசைகளில், வேஷம் எதுவாயினும், ஏறக்குறைய எல்லாவற்றையும் லாட்டிஸ் குறுக்கல் முறையால் தாக்கலாம் என்று காட்டினார்கள்.

இதனால் கிடைத்த பாடம் சாமானியமானதன்று. எண்கள் மிகச் சிறியவையானால் அட்டவணை வெல்கிறது. மிகப் பெரியவையானால் லாட்டிஸ் முறை பெரும்பாலும் வெல்கிறது. எண்களின் இலக்க நீளமும் அவற்றின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒத்திருக்கும் நடுப்பிரதேசமே மெய்யான கோட்டை. அந்தக் கோட்டையிலும் தற்செயலாகப் பொறுக்கிய எண்களாயின் பிளவு முறையைவிட விரைவான வழி உண்டென்று நிக் ஹவ்கிரேவ்-கிரஹாமும் அந்துவான் ழூவும் 2010-இல் கண்டனர். அடுத்த ஆண்டே அஞ்சா பெக்கர், ழான்-செபாஸ்டியன் கோரோன், ழூ ஆகியோர் அதனையும் மேம்படுத்தினர்.

ஆய்லரிடம் திரும்பியவர்கள்

அட்டவணை முறையின் காலம், எண்ணிக்கையையும் இலக்கையும் பெருக்கிய அளவு என்பது அறுபதாண்டுக் காலம் ஏறத்தாழ அசையாமல் நின்றது. டேவிட் பிசிங்கர் 1999-இல் இலக்கின் இடத்தில் வரிசையின் மிகப்பெரிய எண்ணை வைத்து ஒரு சலுகை பெற்றார். பெரிய மாற்றம் 2017-இல் வந்தது. கொன்ஸ்டான்டினோஸ் கொய்லியாரிஸும் சாவ் சூவும் பெருக்கத்திலிருந்த எண்ணிக்கையை அதன் வர்க்கமூலமாகக் குறைத்தனர். கார்ல் பிரிங்மன், மடக்கைக் காரணிகள் நீங்கலாக, எண்ணிக்கையும் இலக்கும் கூட்டிய அளவே போதும் என்று காட்டினார். இரு வழிகளுக்கும் ஜீவநாடி ஆய்லரின் பெருக்கலே. எண்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கூட்டங்கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்தின் தொகைகளையும் ஒரு பல்லுறுப்புக் கோவையாக்கி, ஃபூரியர் உருமாற்றத்தால் அக்கோவைகளை விரைந்து பெருக்கிவிடுகிறார்கள். பெல்மனின் அட்டவணையும் உண்மையில், கெழுக்களை மறந்து அடுக்குகளை மட்டும் நினைவில் வைத்த ஆய்லரின் கோவையே என்பது இவ்விடத்தில் பிரத்தியட்சமாகிறது.

பிரிங்மனின் வழிக்குக் குறை இல்லாமலில்லை. அது தற்செயலை நம்புகிறது. இருக்கும் தொகை ஒன்றைச் சிறு வாய்ப்பளவில் தவறவிடலாம், ஆனால் இல்லாத தொகையை உண்டென்று ஒருபோதும் சொல்லாது. மேலும் ஃபூரியர் உருமாற்றத்தின் ஆரம்பச் செலவு அதிகமாதலால், நடுத்தர அளவுள்ள கணக்குகளில் இரும எண்ணை நகர்த்தும் எளிய முறையே இன்னும் முந்திவிடக்கூடும். இதற்குமேல் அதிகம் இறங்க முடியாது என்பதற்கும் நிபந்தனையுடன் கூடிய ஆதாரம் ஒன்று உண்டு: தர்க்க வாய்பாடுகளின் நிறைவுப் பிரச்சினைக்கு முழுத் தேடலைவிடக் கணிசமாக விரைவான வழியில்லை என்ற பலமான ஊகத்தை ஏற்றுக்கொண்டால், இலக்கின் ஒன்றாம் அடுக்குக்குக் கீழே காலத்தைக் குறைக்க இயலாது என்று அமீர் அபவுத், பிரிங்மன், டேனி ஹெர்மெலின், டிவிர் ஷப்டே ஆகியோர் 2019-இல் நிறுவினர். அந்த ஊகம் நிரூபிக்கப்பட்டதன்று. ஆகவே இந்த எல்லையும் அந்த அளவுக்கே உறுதியானது.

எஞ்சி நிற்பவை

இலக்கை அளவுகோலாகக் கொண்டால் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிட்டது என்று ஜாக்கிரதையுடன் சொல்லலாம். இலக்கை விட்டு வரிசையின் மிகப்பெரிய எண்ணை அளவுகோலாகக் கொண்டால், எண்ணிக்கையும் அவ்வெண்ணும் கூட்டிய அளவுக்கு நெருங்கிய காலத்தில் விடை காண முடியுமா என்பது இன்னும் ஆராயப்பட்டுவரும் விஷயம். நினைவகத்தைப் பற்றிய பகுதியில், ஷ்ரோப்பலும் ஷமீரும் நிறுத்திய இடத்தை நாற்பது ஆண்டுகள் கழித்து யெஸ்பர் நெடர்லோஃபும் கரோல் வெங்ஜிட்ஸ்கியும் 2021-இல் ஒரு மயிரிழை நகர்த்தினார்கள், எண்ணிக்கையில் 0.25 மடங்காயிருந்த அடுக்கு 0.249999 மடங்காயிற்று. பிரயோகத்தில் அதற்குப் பயனில்லை என்றாலும், அசையாதென்று கருதப்பட்டது அசையும் என்பதற்கு அது சாட்சி.

எண்களின் அளவுக்கு எவ்வித வரம்பும் விதிக்காமல், மிகமோசமான உதாரணங்களையும் உட்படுத்தி, பிளவு முறையைவிட அடுக்கிலேயே விரைவான வழி ஒன்று உண்டா என்ற வினா மட்டும் தனித்து நிற்கிறது. தற்செயல் எண்களுக்குக் கிடைத்த வெற்றிகள் இங்கே செல்லவில்லை. அவை தொகைகள் சீராகப் பரவியிருக்கும் என்பதை நம்பியவை, பகையான உதாரணமோ அந்தச் சீரைக் கெடுப்பதற்கென்றே அமைக்கப்படலாம். ஸி சென், யோனான் ஜின், டிம் ராண்டால்ஃப், ரோக்கோ செர்வேடியோ ஆகியோர் 2023-இல் பெற்ற முன்னேற்றம், மொத்தக் காலத்தை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைச் சற்றே விஞ்சும் ஒரு காரணியால் வகுத்தது. ஆனால் அடுக்கு அப்படியே இருக்கிறது: ஹோரோவிட்ஸும் சஹ்னியும் 1974-இல் எழுதிவைத்த பாதி இன்றும் பாதியே.